செவலையோட காலும் பழைய எஸ்எஸ்டியும்

ஐப்பசி 4, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். கட்டுத்தரை பூரா ரத்தம். செவலைக்குப் பின்னங்கால்ல ஆழமா வெட்டு, நரம்பு வெளிய தெரியுது. ரேக்ளாப் பந்தயத்துக்குன்னே வளத்துன காளை. இனி ஓடாது.
தம்பி மணி குதிக்கறான். "தரகன் பழனிசாமி வேலைதானுங்கண்ணா. அவங்கைய ஒடிக்கறேன்."
போன சந்தைக் கோவம். வேலந்தாவளத்துல மாட்டு வெலைய வாயால பேசமாட்டாங்க, துண்டுக்குள்ள விரலப் புடிச்சுத்தான். அப்படி மணி விரலப் புடிச்சு, செவலைக்குக் கெழட்டு மாட்டு வெல கேட்டானாம் பழனிசாமி. இவன் துண்ட உருவி அவன் மூஞ்சியிலயே அடிச்சுப்போட்டான். அந்தச் சந்தையில பருத்திப்பால் நல்லாருக்கும். அது கெடக்கட்டும்.
கட்டுத்தரைக் கேமராப் படமெல்லாம் ஊட்டுக் கம்ப்யூட்டர்ல. பழசு. சுத்திக்கிட்டே நிக்குது, தொறக்க மாட்டீங்குது.
"படத்தப் பாத்துட்டுப் பேசுடா"ன்னேன்.

5, புதன்
கொல்லங்கோட்டுல இருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்கற சந்திரன் வந்தாரு. பொட்டியத் தொறந்தா பல்லி முட்டை.
"படமெல்லாம் சேத்தி வெக்கற எஸ்எஸ்டி சின்னதுங்க, ரொம்பிப்போச்சு. பெருசு போட்டு, இதுல உள்ளதெல்லாம் அதுல ஏத்தோணும். நேரமாகும்."
ஏறுது, எருமை நடையாட்டம். மணி பாத்துக்கிட்டே நின்னான். பொறுக்காம கடப்பாரையத் தூக்கிட்டுப் போயிட்டான்.
ஏறி முடியல, அதுக்குள்ள அலறல். ஓடுனேன். பழனிசாமியோட வலது கையக் கல்லு மேல வெச்சு மணி அடிச்சிருக்கான். விரலெல்லாம் கூழு. அவன் சம்சாரம் மண்ண வாரி எம்மூஞ்சியில வீசுனா.
"எந்த விரலப் புடிச்சுடா இனி வெல பேசுவாரு?"

6, வியாழன்
வெயில். கம்ப்யூட்டர் இப்பச் சட்டுனு தொறக்குது. ரெண்டு பேரும் பாத்தோம்.
ஆரும் வரல. இடி இடிக்குது, செவலை மிரண்டு துள்ளுது, கால் தகரத்துல. தகரத்த அங்க சாத்துனது மணி. அதும் படத்துல.
அவன் கடப்பாரைய எடுத்து அடிச்சான். புது எஸ்எஸ்டி தூள் தூள்.
"நீங்க ஒண்ணும் பாக்கலீங்கண்ணா."
சந்திரன் கழட்டுன பழசு எம்மடியில. சீட்டுக்கட்டு அளவுதான். அதுலயும் எல்லாம் அப்படியே இருக்குமுன்னு சொல்லீருந்தாரு.

8, சனி
மறுபடி தூறல். ஸ்டேஷன்ல மணி சொல்லீருக்கான்: மாட்ட வெட்டுனவன் மறுக்காவும் வந்தான், தடுக்கறப்ப அடிபட்டுது. ஊரே நம்புது. மாட்ட வெட்டுனவன்கூட ஆரு யாவாரம் பண்ணுவாங்கன்னு டீக்கடையில பேச்சு.
பழனிசாமி ஊட்டுக்குப் போனேன். வலது கையில பெரிய கட்டு. எடது கைமேல எந்துண்டப் போட்டு, உள்ள விட்டு வெச்சேன் பழய எஸ்எஸ்டிய. தடவிப் பாத்தான்.
"இது என்ன வெலைங்க?"
"எந்தம்பி."
திரும்பறப்ப தெரு முக்குல மணி பாத்துட்டு நின்னான்.
இப்ப வாசக்கதவத் தட்டறான். கையால இல்ல.