கழுதைக்காது மலைப்பாதையில் தண்ணீர்க் கேன் வைக்கத் தடை

அனுப்புநர்:
எலெவுத்தேரியோ போகோர்கெஸ்,
ஏர்கூலர் மெக்கானிக் (ஓய்வு),
விடியல் ஓட்டக்குழுவின் கௌரவ ஆலோசகர் (குழு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை),
தெற்கு டூசான், அரிசோனா.

பெறுநர்:
பொறுப்பு அலுவலர் அவர்கள்,
கழுதைக்காது மலைப்பூங்கா,
டூசான்.

பொருள்: ஓட்டக்காரர்களின் தண்ணீர்க் கேன்களுக்கு விதித்த தடையை உடனே நீக்க வேண்டுதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

இப்படி நடக்கும் என்று நான் ஜூன் மாதமே சொன்னேன். பெரிய மனிதர் ஒருவர் இந்தப் பாதையில் விழுவார், அலுவலகம் ஏதாவது ஒன்றைத் தடை செய்யும் என்று குழுவினர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். அந்தப் பெரிய மனிதர் நானாக இருப்பேன் என்பதை மட்டும் கணிக்கவில்லை.

1. நீண்ட ஓட்டத்துக்கு வேண்டிய தண்ணீர் முழுவதையும் முதுகில் சுமந்தால் அது ஓட்டமல்ல, மூட்டை தூக்குவது. ஆகவே முந்தின நாள் மாலையே பாதையோரச் சீமைக்கருவேல நிழலில் கேன்களை வைத்து, சிவப்புத் துணி கட்டிவிடுவோம். யார் வந்தாலும் குடிக்கலாம். கடைசியாக வருகிறவர் காலிக் கேனைத் தூக்கி வர வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் நான். நான் பிறப்பதற்கு முன்பே இது இருந்ததாகச் சிலர் சொல்வதை அலுவலகம் பொருட்படுத்த வேண்டாம்.

2. என் அக்கா மகள் யாதிரா மருத்துவமனையில் செவிலி. அக்டோபரில் நடக்கும் நூறு கிலோமீட்டர் பாலைவன ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறாள். சென்ற ஆண்டு ஓட்டம் முடிகிற கோடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கால் தசை பிடித்து உட்கார்ந்துவிட்டாள். அழுதாள் என்று எழுதினால் என்னை அடிப்பாள், ஆகவே எழுதவில்லை. கடைசி நீண்ட ஓட்டங்களை இந்த மாதம்தான் ஓட முடியும். அவளுடைய வேகத்துக்கும் நானே காரணம். சிறு வயதில் அவளை அடிக்கத் துரத்தியிருக்கிறேன், ஒருமுறைகூடப் பிடித்ததில்லை.

3. சம்பவ தினமான சனிக்கிழமை, புதியவர்களுக்கு முன்மாதிரியாக இருக்கும் பொருட்டு நானும் ஓடினேன். முன்னதாக ரொட்டியில் மாட்டிறைச்சி சுருட்டிய புரிட்டோ இரண்டு சாப்பிட்டிருந்தேன். (மூன்று என்பாள் யாதிரா.) முதல் கேன் அருகே அவள் என்னை நிறுத்தி, “மாமா, ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க. சட்டையப் பாருங்க, உப்பு பூத்துக் கிடக்கு” என்றாள். இந்த ஊர்க் காற்றில் வேர்வை தோலில் தங்காமல் காய்ந்துவிடும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். புதியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “எனக்கு வேர்க்கவே இல்லடி! நான் என்ன வெளியூர்க்காரனா?” என்று சொல்லிக் கடந்துவிட்டேன்.

4. இரண்டாவது கேனை நெருங்கியபோது அதை ஒரு மலைச்சிங்கம் (பூமா) நக்கிக்கொண்டிருந்தது. எங்கள் வேன் அளவு இருக்கும். நான் அதன் கண்ணைப் பார்த்தேன். அது என் வயிற்றைப் பார்த்தது. வெகுநேரம் அசையாமல் எதிர்த்து நின்றதில் கால் நரம்பு இழுத்து, கௌரவமாகத் தரையில் படுத்தேன். மீட்புக் குழுவினர் என்னைச் சக்கரம் வைத்த தூக்குப்படுக்கையில் இறக்கினார்கள். “பெரியவரே, வயித்தக் கொஞ்சம் உள்ள வாங்குங்க, பெல்ட்டு எட்டல” என்றார் ஒருவர். “சிங்கம் ஏன் விட்டுட்டுப் போச்சுன்னு இப்பத்தான் புரியுது. தூக்கிப் பாத்திருக்கும்” என்றார் இன்னொருவர். இதுகுறித்து எனக்குப் புகார் ஏதும் இல்லை. உண்மையைப் பற்றி எப்படிப் புகார் செய்வது?

5. மறுநாளே தங்கள் அறிவிப்பு வந்தது: கேன்கள் காட்டு விலங்குகளை ஈர்க்கின்றன, கேமரா வைத்துக் கண்காணித்து முடியும்வரை, அதாவது நவம்பர்வரை, தடை. யாதிரா தண்ணீர் முழுவதையும் முதுகில் கட்டி ஓடிப் பார்த்தாள். தோள் உரிந்து பாதியில் திரும்பினாள். அந்தச் சிங்கம் என்னைக் கண்ட பயத்தில் மெக்சிகோவுக்கே ஓடிவிட்டது என்று எழுத்தில் உறுதி தருவதாகத் தொலைபேசியில் சொன்னேன். “நீங்க எழுதித் தந்தா ஆச்சா? சிங்கம்ல கையெழுத்துப் போடணும்!” என்றார் தங்கள் எழுத்தர்.

6. நேற்று யாதிரா தன் ஓட்டக் காலணிகளை என் வீட்டில் கொண்டுவந்து வைத்து, “இந்த வருஷம் வேணாம் மாமா” என்று சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிச் சமாளித்திருப்பேன். அவள் திட்டவில்லை.

ஆகவே, வரும் சனிக்கிழமைக்குள் தடையை நீக்கி, தண்டனை அவசியமென்றால் அந்தப் பாதையில் என் ஒருவனை மட்டும் தடை செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் கேமராவில் எதுவும் பதியாது. இரண்டாவது கேன்வரை நான் போகவே இல்லை; அதற்கு வெகு முன்பே நாக்கு வறண்டு விழுந்துவிட்டேன். எப்படி விழுந்தீர்கள் என்று மீட்புக் குழுவினர் கேட்டபோது யாதிரா பக்கத்தில் நின்றிருந்தாள். தண்ணீர் குடிக்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சிங்கம் என்று வந்துவிட்டது.

இடம்: டூசான்
தேதி: செப்டம்பர் 9

இப்படிக்கு,
எ. போகோர்கெஸ்
(கையொப்பம்)