கேமராவுக்குக் காட்டிய டப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

எங்கள் கம்பெனி சாப்பாட்டு அறை கேமரா உங்கள் போனில் தெரியவில்லை என்று பதற வேண்டாம். வாங்கிய நாளிலிருந்து யாரும் பாஸ்வேர்டை மாற்றாததால்தான் தம்பியால் அதைத் திறந்து தர முடிந்தது. "என்னம்மா, பாதியிலேயே டப்பாவை மூடிட்ட?" என்று நீங்கள் கேட்டதிலிருந்து, காலி டப்பாவைக் கேமராவுக்குக் காட்டிவிட்டுத்தான் கழுவப் போவேன்.

பிறகுதான் உறைத்தது, ஊர் பேர் தெரியாதவனும் பார்ப்பானே என்று. கூட வேலை செய்யும் பெண்கள் அங்கேதான் அசதியில் படுக்கிறார்கள். நானே மேலாளரிடம் சொல்லி பாஸ்வேர்டை மாற்ற வைத்தேன்.

நீங்கள் கண்ணாடி போடுகிறீர்களா என்று நானும் பார்க்க வேண்டும்; போட்டுக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

மணியடித்துவிட்டது. நேற்றும் கை தானாக டப்பாவைத் தூக்கிக் காட்டியது. காலியாகத்தான் இருந்தது அப்பா, நம்புங்கள்.

உங்கள் மகள்