ஊறப் போடாத மோட்டார்

இன்று காலையில் பக்கத்து வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரை மேலே தூக்கினார்கள். நான் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். குழாய் குழாயாகக் கழற்றி, கடைசியில் அந்த நீள உருளை வெளியே வந்ததும் ஒரு வாடை அடித்தது பார், துருவும் சேறும் பழைய தண்ணீரும் கலந்த வாடை. கையில் இருந்த ஈரச்சேலையை அப்படியே கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டு நின்றுவிட்டேன். நம் கம்பெனியின் சோதனைத் தொட்டிக்குப் பக்கத்தில், கையில் மீட்டரோடு நீ நிற்பது போலவே இருந்தது.

உன்னை அடக்கம் செய்து நாற்பது நாள் ஆகப்போகிறது. உனக்கு நான் கடிதம் எழுதுகிறேன் என்று தெரிந்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய். "பேசியே தீராதவ, எழுதியா தீரப் போற?" என்பாய். என் வாய் அப்படி. ஆனால் இத்தனை பேசின வாய், பேச வேண்டிய ஒன்றை மட்டும் உன்னிடம் பேசவில்லை. அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோயமுத்தூரில் அந்தச் சின்னப் பம்பு கம்பெனியில் நாம் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிற மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வேலை. பிளாஸ்டிக் சட்டை போட்ட செம்புக் கம்பி. மோட்டார்க் குழாயின் அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்து, ஒருத்தி விட மற்றவள் வாங்க வேண்டும். அந்தச் சட்டை ஓரிடத்தில் கிழிந்தால் போதும், கரண்டு தண்ணீருக்குள் இறங்கிவிடும். அதனால் சுற்றி முடித்த மோட்டாரைத் தொட்டியில் ஒரு ராத்திரி ஊறப் போடுவார்கள். மறுநாள் காலையில் மீட்டர் வைத்துப் பார்த்து, சரியாக இருந்தால்தான் சீட்டில் கையெழுத்து. சுற்றினவளும் அப்போது பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது கம்பெனி வழக்கம்.

இரண்டு வருசம் நீதான் எனக்கு எதிர்ப்பக்கம். பிறகு நீ சோதிக்கிற இடத்துக்குப் போய்விட்டாய். சும்மா போகவில்லை. கன்னியர் மடத்தில் சிஸ்டர்கள் நடத்திய சாயங்கால வகுப்புக்குப் போய், தனித்தேர்வு எழுதிப் பத்தாவது பாஸ் பண்ணிவிட்டுப் போனாய். உன் அப்பாவும் அம்மாவும் தாராபுரம் பக்கத்துத் தோட்டங்களில் காலமெல்லாம் பண்ணையத்துக்கு இருந்து கூலி வேலை பார்த்தவர்கள். உங்கள் வீட்டில் பேனா பிடித்து வேலை பார்த்த முதல் ஆள் நீ. முதல் நாள் கையெழுத்துப் போட்ட சீட்டை எனக்குக் காட்ட ஓடி வந்தாயே, எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமைதான், இப்போது சொல்கிறேன்.

மீட்டரைத் தொடும் முன்னால் நீ ஒரு சிலுவை போட்டுக்கொள்வாய். "மீட்டருக்கும் ஞானஸ்நானம் குடுத்துட்டியா?" என்று கிண்டல் பண்ணுவேன். "நீ சுத்துனதாச்சே, மாதாவக் கூப்பிடாம எப்படித் தொடறது?" என்பாய். உன்னை யாராவது பெரிய பக்திமான் என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். பிரசங்கம் தொடங்கினால் ஐந்தாவது நிமிசம் உன் தலை என் தோளில். ஆனால் பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் பெண்களை உட்கார வைத்து, பேர் எழுதவும் மீட்டர் முள்ளைப் படிக்கவும் சொல்லிக் கொடுப்பாய். அப்போது மட்டும் தூக்கம் எங்கே போகுமோ.

அந்த வருசத் தவக்காலம். பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி வழிபாட்டில், சனங்கள் சிலுவையை முத்தமிட்டு முத்தி செய்யும்போது, மாதாவின் புலம்பலைத் தனியாகப் பாட என்னை நிறுத்தியிருந்தார்கள். கோயிலே கேட்கும்படி நான் ஒருத்தி மட்டும்! நாற்பது நாளும் வெந்நீர்தான் குடித்தேன் தொண்டைக்காக.

பெரிய வியாழன் அன்று என் ஜோடிப் பெண் லீவு. தாராபுரத்துக் கடைக்கு அவசரமாக ஒரு மோட்டார் போக வேண்டும், சாயங்காலம் வண்டி என்று சூப்பர்வைசர் நெருக்கினார். தனியாக உட்கார்ந்து இழுத்தேன். எதிர்ப்பக்கம் வாங்க ஆள் இல்லாமல் கம்பி விளிம்பில் உரசிவிட்டது. உள்ளங்கையில் தட்டுப்பட்டது, சட்டையில் ஒரு கிழிசல். பிரித்து வேறு கம்பி இழுத்தால் இன்னும் இரண்டு மணி நேரம். ஐந்து மணிக்குப் பாட்டுப் பயிற்சி, அதற்கப்புறம் பாதம் கழுவும் பூசை. டேப்பைச் சுற்றி உள்ளே தள்ளி மூடிவிட்டேன்.

அதோடு விட்டேனா? உன்னிடம் வந்தேன். ஊறப் போட்டால் சாயங்கால வண்டியும் போய்விடும், வெள்ளிக்கிழமை காலையில் நானும் கம்பெனியில் வந்து நிற்க வேண்டும். "இப்பவே மீட்டர் வெச்சுப் பாத்து எழுதிக் குடு புள்ள. நான் என்னைக்காச்சும் கெடுத்துச் சுத்தியிருக்கனா? கோயிலுக்குத்தான போறேன், சினிமாவுக்கா போறேன்?" என்று கெஞ்சினேன். கிழிசலைப் பற்றி மூச்சு விடவில்லை. நீ தொட்டியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். காய்ந்த மோட்டாரில் முள் சரியாகத்தான் காட்டியது. கையெழுத்துப் போட்டுவிட்டாய்.

மறுநாள் காலை கோயிலில் நீ கூட்டிக்கொண்டிருந்தாய். ஒருசந்தி, பச்சைத்தண்ணி பல்லில் படவில்லை உனக்கு. நான் பயிற்சிக்கு வந்தவள், சும்மா இருக்க முடியாமல் வாயை விட்டேன். "நேத்து ஒரு சின்னச் சிராய்ப்பு, டேப்பப் போட்டு அமுக்கிட்டேன், யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

விளக்குமாறு நின்றுவிட்டது. "எந்த மோட்டார்ல?"

"அந்தத் தாராபுரத்து மோட்டார்லதான்."

நீ என்னைத் திட்டவே இல்லை. விளக்குமாற்றைச் சுவரோரம் சாத்திவிட்டு எதிரே இருந்த டெலிபோன் பூத்துக்குப் போனாய். திரும்பி வந்து, "கடைக்காரர் காலைலயே தோட்டத்துக்கு அனுப்பிச்சுட்டாராம். அங்க போன் இல்ல, சொல்லியனுப்பக் கடைலயும் ஆளில்லையாம். மத்தியானத்துக்கு மேல எறக்குவாங்களாம். வா, போலாம்" என்றாய்.

"மூணு மணிக்குப் பாட்டு இருக்குது!"

"தெரியும். வா."

பல்லடம் வரும்வரை பஸ்ஸில் உன்னை நான் பேசாத பேச்சில்லை. என் நாற்பது நாள் வெந்நீரெல்லாம் போச்சு என்றேன். உனக்குப் பொறாமை என்றேன். பொறாமைப்பட்டவள் யாரென்று எனக்கல்லவா தெரியும்! "ஆண்டவருக்குப் பாடப் போனவளத் தடுத்த பாவம் உன்னையத்தான் சேரும்" என்றேன். நீ சன்னலைப் பார்த்தபடி, "அவருக்கு இன்னைக்கு வேற வேல இருக்குது புள்ள" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். பிறகுதான் பயம் வந்தது. எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து, சொல்லாமல் தப்பிக்க ஒரு வழியும் கண்டுபிடித்துவிட்டேன்.

தாராபுரத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, வெயிலில் இரண்டு மைல் நடந்தோம். தோட்டத்துப் படலைத் திறக்கும்போது நீ ஒரு கணம் தயங்கினாய். இப்படியொரு தோட்டத்து வாசலில்தானே உன் அப்பா கைகட்டி நின்றார். உள்ளே மோட்டாரை இறக்கி முடித்துவிட்டார்கள். ஃபிட்டர் ஸ்டார்ட்டர் பெட்டியில் வயரை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, யாரு நீங்க?" என்று தோட்டத்துக்காரர் எழுந்து வந்தார்.

"கம்பெனில இருந்து வாரோமுங்க. போற மோட்டாரெல்லாம் ஒருக்காப் பாத்துட்டு வரச் சொன்னாங்க. இத மேல எடுத்தா நாங்க பாத்துக் குடுத்துர்றோம்" என்றேன். எவ்வளவு சுத்தமான பொய்!

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இந்த வெயில்லயா! கம்பெனின்னா இப்பிடியல்ல இருக்கோணும்" என்று ஃபிட்டரைப் பார்த்துச் சொன்னார். "எறக்கினது எறக்கியாச்சுங்க. ஓட்டிக் காட்டறோம், நீங்களே பாத்துட்டுப் போங்க." அவர் மனைவி ஒரு செம்பில் மோரும் இரண்டு டம்ளரும் கொண்டு வந்தார். நான் ஒரே மடக்கில் குடித்துவிட்டேன், என் ஒருசந்தியும் அதோடு போயிற்று. நீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாய்.

"குடிங்க அம்மணி, வெயில்ல வந்திருக்கறீங்க."

"ஒருசந்திங்க" என்றாய். சொன்னது அந்த அம்மாவிடம்தான். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தது என்னை. நீயாகச் சொல்லிவிடுவாய் என்று ஒரு பக்கம் பயம், சொல்லிவிட மாட்டாயா என்று ஒரு பக்கம் ஆசை. ஃபிட்டரின் கை பச்சைப் பொத்தானுக்குப் போனது.

"போடாதீங்கண்ணா!" என்று கத்திவிட்டேன். சேசுவே, அந்தக் குரல் என்னுடையதுதானா என்று எனக்கே தெரியவில்லை. "நாந்தானுங்க சுத்துனேன். கம்பி கிழிஞ்சிருக்குது. தெரிஞ்சேதான் மூடிப்போட்டு அனுப்பிச்சேன். தண்ணில கரண்டு வந்துருமுங்க."

தோட்டத்துக்காரர் கிணற்றுக் குழாயின் வாயைப் பார்த்தார். "தண்ணி விழுந்தா மொதல்ல கைய நீட்டறது எம்பட ஊட்டுக்காரிதானுங்க" என்று மெதுவாகச் சொன்னார். அந்த அம்மா இன்னும் மோர்ச்செம்போடுதான் நின்றிருந்தார். நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் நீ பேசினாய். என்னைக் காட்டி, இவள் என்னையும் ஏமாற்றிவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதானே. "இவ மட்டும் இல்லீங்க. சோதிச்சு அனுப்பற வேல என்னோடது. தண்ணில ஊறப் போடாமயே கையெழுத்துப் போட்டது நானுங்க" என்றாய். அவ்வளவுதான். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அவர் நம்மை ஒரு வார்த்தை ஏசவில்லை. மோட்டாரை மேலே தூக்கும்வரை நாமும் குழாய் பிடித்தோம். "நல்லதாப் பாத்து வேறொண்ணு அனுப்புங்க அம்மணி" என்று மட்டும் சொன்னார். நாம் ஊர் திரும்பியபோது கோயிலில் ஆளில்லை. புலம்பலை வேறு யாரோ பாடி முடித்திருந்தார்கள்.

மறுநாள் காலை முதலாளி அறையிலும் இதேதான். நான் செய்ததை நான் சொன்னேன், நீ செய்ததை நீ சொன்னாய். திங்கட்கிழமை அந்த மோட்டாரைத் தொட்டியில் போட்டு எடுத்தபோது மீட்டர் முள் அசையவே இல்லை, மோட்டார் கெட்டது என்று அர்த்தம். எனக்கு ஒரு வாரம் வேலை இல்லை என்றார் முதலாளி. உன்னைப் பார்த்து, "நீ இனி மீட்டரத் தொடாத" என்றார். நீ மறுபடியும் வைண்டிங்குக்கு வந்தாய், எனக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாய். "நீ விடற கம்பிய வாங்க ஆளில்லாமத்தான இத்தனையும் ஆச்சு" என்று சிரித்தாய். நானும் கூடச் சிரித்தேன். வெட்கங்கெட்டவள்.

அப்போதுதான் நம் பங்கில் அன்பியம் தொடங்கியிருந்தார்கள், பத்துப் பதினைந்து வீட்டுக்காரர்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பது. அடுத்த கூட்டம் உன் வீட்டில். மீட்டர் வேலை ஏன் போயிற்று என்று பெண்கள் கேட்டார்கள். "ஒரு மோட்டார ஊறப் போடாம அனுப்பிச்சுப்போட்டேனுங்க" என்றாய். "அட, இத்தன கஷ்டப்பட்டுப் படிச்சு, இப்பிடிக் கவனமில்லாம இருந்துட்டியே அம்மணி" என்று ஒருத்தி உச்சுக் கொட்டினாள். நான் அதே பாயில் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஊர் வம்பெல்லாம் பேசுகிற வாய், அன்றைக்குப் பூட்டிக்கொண்டது. நீ பாட்டுப் புத்தகத்தை என் மடியில் வைத்து, "பாட்டெடு புள்ள" என்றாய். எடுத்தேன். எப்படி எடுத்தேனோ தெரியவில்லை.

அதற்கப்புறம் பத்து வருசத்துக்கு மேல் அந்தக் குழாயின் இரண்டு பக்கமும் நாம் உட்கார்ந்திருந்தோம். உனக்குப் பிறகு மீட்டர் பிடித்த பெண், பங்கு மண்டபத்தில் உன்னிடம் முள் படிக்கக் கற்றவள். அவளுக்குச் சந்தேகம் வந்தால் சாப்பாட்டு நேரத்தில் உன்னிடம்தான் ஓடி வருவாள், நீ சோற்றுக் கையோடு சொல்லிக் கொடுப்பாய். உனக்கு வருத்தமில்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாயோ என்று பயம். கடைசியில் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலோரம் மூன்று நாள் இருந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் வந்தேன். வந்து, கேன்டீன் இட்லி கல்லு மாதிரி இருக்கிறது என்று பேசிவிட்டுப் போனேன்.

உன் முப்பதாம் நாள் பூசைக்கு அப்புறம் அன்பியத்தார் உன் வீட்டில் கூடினோம். ஆளுக்கொன்றாக உன்னைப் பற்றிச் சொன்னார்கள். "பாவம், ஒரு கவனக்குறைவுல அந்த மீட்டர் வேல போயிருச்சு. இல்லாட்டி சூப்பர்வைசராவே ஆயிருப்பா" என்றாள் ஒருத்தி. "அவ கவனக்குறைவு இல்லீங்க" என்றேன். ஆரம்பித்தவள் முழுவதையும் சொல்லிவிட்டேன், டேப்பை, கெஞ்சியதை, அந்தப் பாயில் வாய் மூடி உட்கார்ந்திருந்ததை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். உன் மகள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா எங்ககிட்ட ஒரு வார்த்தகூடச் சொன்னதில்லீங்களே அத்தை" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

தோட்டத்துக்காரரிடம் சொன்னேன். முதலாளியிடம் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். இப்போது ஊராரிடமும் உன் மகளிடமும் சொல்லியாயிற்று. இத்தனை பேரிடம் சொன்னவள், இருபது வருசத்துக்கு மேலாக எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்த உன்னிடம் சொல்லவில்லை. என்னை மன்னிச்சுரு புள்ள.