கரமெலின் செருப்பு

ஷிகூட்டிமி, கியூபெக்
ஜனவரி

அன்பு மகளே,

கரமெல் நலமாக இருக்கிறான். நீ கோபத்தோடு பஸ் ஏறிய அந்த நிறுத்தத்துக்குத் தினமும் போயே தீருவேன் என்கிறான். பனி உருக அங்கே கொட்டும் உப்பு அவன் பாதங்களை எரிக்கிறது. "நாய்க்குச் செருப்பு ஒரு கேடா?" என்று உன்னிடம் கேட்டேனே, அதே செருப்புகளை இப்போது நான்தான் மாட்டிவிடுகிறேன். திரும்பி வந்ததும் வெதுவெதுப்பான நீரில் பாதங்களைத் துடைத்து, விரலிடுக்கில் வாசலைன் தடவுகிறேன். அப்போது என் கையை நக்குவான்.

உன்னைத் தேடித்தான் இழுத்துப்போகிறான் என்று பக்கத்து வீட்டு ஜிலேனிடம் சொன்னேன்.

"அட போய்யா. நாய் வீட்டுப் பக்கம் இழுக்குது. நீதான் பஸ் ஸ்டாப் பக்கம் இழுக்குற" என்றாள்.

நேற்று கடுங்குளிர். பாதம் பாவம் என்று அவனை வீட்டிலேயே விட்டுவிட்டேன். கடைசி பஸ் வரும்வரை நான் மட்டும் நின்றேன்.

உன் அப்பா