பிரேக் மாத்திரை

மார்ச் 4
டூட்டி முடித்து வந்ததிலிருந்து இவர் கட்டிலுக்கும் கழிவறைக்குமாக நடக்கிறார். வழியில் ஏதோ கடையில் சாப்பிட்டாராம். காய்ச்சல் வேறு. லீவு போடச் சொன்னேன். "நாளைக்கு வண்டி எடுக்க வேற ஆளில்ல" என்று சிரிக்கிறார். இவர் சிரித்து மழுப்பினாலே எனக்குச் சந்தேகம்தான்.

மார்ச் 5
வயிற்றுப்போக்கை நிறுத்த பஸ் டிரைவர்கள் பையிலேயே ஒரு மாத்திரை வைத்திருப்பார்கள். அதற்கு இவர்கள் வைத்த பெயர் பிரேக் மாத்திரை. நடுரோட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் புதருக்குள் ஓட முடியாதல்லவா? காலையில் இரண்டு, மதியம் இரண்டு போட்டார். நின்றுவிட்டது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. வண்டி எடுக்கக் கிளம்பிப் போய்விட்டார்.

மார்ச் 6
வந்துவிட்டார். வயிறு உப்பி, பெல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறார். தொட்டால் கத்துகிறார். உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. நின்னுடுச்சே, அப்புறம் ஏன் இப்படி?

அதே நாள், ஆஸ்பத்திரியில்
"ரத்தம் போச்சா?" என்று கேட்டார் டாக்டரம்மா. நான் இல்லை என்றேன். இவர் சுவரைப் பார்த்தபடி, "முதல் நாளே போச்சு" என்றார். அடப் பாவி மனுஷா! சொன்னா வண்டி எடுக்க விடமாட்டேன்னுதானே மறைச்சீங்க?

கிருமி பெருங்குடலின் சுவருக்குள் புகுந்து புண்ணாக்கியிருக்கிறதாம். டாக்டரம்மா படத்தைக் காட்டிச் சொன்னார்: "அதை வெளிய தள்ளத்தாம்மா குடல் அந்த ஓட்டம் ஓடுச்சு. நீங்க நிறுத்தினதும் கிருமி, நஞ்சு எல்லாம் உள்ளேயே தங்கிடுச்சு. இப்ப குடல் வீங்கிட்டே போகுது. கிழிஞ்சா உயிருக்கே ஆபத்து. மருந்து ஏத்துறோம். நாளைக்குள்ள வீக்கம் இறங்கலேன்னா ஆபரேஷன்தான்."

மார்ச் 7
நர்ஸ் டேப் வைத்து வயிற்றை அளக்கிறார். குறையவில்லை.

மாலை
ஸ்டெதஸ்கோப் வைத்தால் வயிற்றுக்குள் ஒரு சத்தமும் இல்லையாம். குடல் அசைவதையே நிறுத்திவிட்டது என்று அர்த்தமாம். எப்போதும் கடமுடா என்று கிடக்கும் வயிறு அது. ஆபரேஷனுக்குக் கையெழுத்து கேட்டார்கள். போட்டேன். என் பேர் எனக்கே படிக்க முடியல. அப்பாடான்னு இருந்தேனே, என்னை எதால அடிக்கிறது?

மார்ச் 8
விடியும்போது லேசாகச் சத்தம் கேட்பதாக டாக்டரம்மா சொன்னார். கொஞ்சம் பார்க்கலாம் என்று ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். வயிறு ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

பிற்பகலில் இவருக்குத் திடீரென்று வயிற்றாலே போய்விட்டது. படுக்கையெல்லாம் பாழ். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். நான் விரிப்பை மாற்றினேன், கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், திரும்பவும் மாற்றினேன். இவர் வெட்கத்தில் கண்ணைத் திறக்கவேயில்லை. "மன்னிச்சுக்கோம்மா" என்றார்.

"போங்க, இன்னும் போங்க" என்றேன். அழுகையும் சிரிப்புமாக வந்தது.