நசீர்மேல் வைத்த புரோப்

திங்கள்
காலையிலிருந்து மழை. பெர்மாஸ் ஜெயாவிலேயே ஜாம். ஆபீசுக்குத் தாமதம்.

மூவார் ஊர் நாற்காலித் தொழிற்சாலையில் கேட்டைத் திறந்து மூடும் எங்கள் கம்ப்யூட்டர் பெட்டி மறுபடி ஹேங். மெமரி தீர்ந்துபோகிறது. எடுத்ததை யாரோ திருப்பித் தரவில்லை. திருப்ப வேண்டியது நசீர் எழுதிய டிரைவர் நிரல். ஆள் புதுசு. வேலை நிரந்தரமா இல்லையா என்று வியாழக்கிழமை முடிவு.

எடுத்த மெமரித் துண்டுகளை, அதாவது பஃபர்களை, திருப்பித் தரும் அவனுடைய பஃபர்_ஃப்ரீ ஃபங்ஷன்மேல் புரோப் வைத்தேன். அது ஓடும்போதெல்லாம் திரையில் ஒரு வரி வர வேண்டும். ஒன்றுகூட இல்லை. நசீரிடம் கேட்டேன்.

"ஓடுதுக்கா. நான் டெஸ்ட் பண்ணிட்டேன் லா."

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

செவ்வாய்
இன்றும் வெறும் திரை. ந. போனோடு படிக்கட்டுக்குப் போகிறான். என்னைக் கண்டால் குரல் இறங்குகிறது. டெஸ்டே செய்யாமல் கதை விடுகிறானோ? வேறு வேலை தேடுகிறானோ?

மேனேஜர் சேகர் அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

"அப்ப அவன வச்சிக்க முடியாதும்மா."

நான் மறுக்கவில்லை.

வாங்க வேண்டியது: டிஷ்யூ, பூனைக்கு மீன் டின்.

புதன்
வெயில். ந.வின் டிரைவரைக் கழற்றிவிட்டு, கைப்பழக்கத்தில் அதே புரோப் கட்டளையைத் தட்டினேன். ஃபங்ஷனே இல்லை, எரர் வர வேண்டும். வரவில்லை. சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. யார்மேல்?

டிரைவரை மறுபடி ஏற்றிப் பெயர்களைத் தேடினேன். பஃபர்_ஃப்ரீ இரண்டு! ஒன்று ந.வுடையது, மற்றது பெட்டியோடு வரும் கேமரா டிரைவருடையது. என் மேசையில் கேமராவே இல்லை, அது எப்படி ஓடும்? பெட்டியின் அடிப்படை மென்பொருளான இந்தப் பழைய கெர்னல் எது வேண்டும் என்று கேட்காது. முதலில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும். திருட்டுக் கெர்னல்.

ந.வின் டிரைவர் பெயரையும் சேர்த்துப் புரோப் வைத்தேன். வரிகள் கொட்டின.

ந.விடம் சொன்னேன்.

"ஓடுதுன்னு சொன்னேன்லக்கா?"

"அந்தப் போன் யாருக்கு?"

"எங்கண்ணனுக்கு. கோத்தா திங்கில கடைக்குள்ள தண்ணி ஏறிருச்சு."

இதையும் நம்பலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சீ, என்ன புத்தி.

உடனே சேகர் அண்ணனிடம் ஓடி, தப்பு என் புரோப்பில்தான் என்றேன். "அலமாக்! நல்லவேளை. அப்ப யாரும்மா திருப்பித் தரல?"

வியாழன்
ந.வுக்கு வேலை உறுதி. எனக்கு ரொட்டி சானாய் வாங்கி வைத்திருந்தான். கூச்சமாக இருந்தது. சாப்பிட்டேன்.

பஃபர்_ஃப்ரீ ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் எல்லா பஃபரும் அதுவரை வந்து சேரவில்லை. வழியில் ஒரு ஃபங்ஷன் சிலவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நான் எழுதியது.

அதே பெயரில் இன்னொன்று இருக்கும் என்று தேடினேன். மறுபடியும் தேடினேன்.

ஒன்றுதான்.