குளோரின் உட்கார்ந்த இடம்

தாபோடி, புனே
3 நவம்பர் 2024

என் அருமை முகுந்த்,

நலம். உன் கேம்ப்பில் போன் எடுக்காததும் நல்லதுதான், நான் திட்டுவதை நிதானமாகப் படிக்கலாம். லடாக்கில் சாலை போடப் போன பிள்ளையை உன் அப்பா தினமும் வாசலில் தேடுகிறார். "முகுந்த் ஏன் இன்னும் வரல?" என்று அழுகை. மறதி முற்றிவிட்டது. அதனால் ஒரு தில்லாலங்கடி வேலை செய்தேன். மாடியில் குடியிருக்கும் சபரிக்கு, பாணேரில் ஐ.டி. வேலை பார்க்கிறாரே, உன் சட்டையைக் கொடுத்து அப்பா பக்கத்தில் உட்காரச் சொன்னேன். "வந்துட்டியாடா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

எங்கள் லேபிலும் இதே கதைதான். டி.என்.ஏ.வின் சில எழுத்துகள் மேல் மெத்தில் என்ற சின்னக் குறி இருக்கும்; அது உட்கார்ந்த மரபணு வாயடைத்துப்போகும். செல் பிரியும்போது ஒரு நொதி பழைய இழையைத் தடவிப் பார்த்து, புது இழையிலும் அதே குறியை வைக்கும். உடம்பில் அழற்சி வந்தால் சில சமயம் அந்த இடத்தில் குளோரின் உட்கார்ந்துகொள்கிறது. அளவு ஏறக்குறைய ஒன்றுதான். நொதி அசடு, ஏமாந்துபோய் எதிரே புது இழையில் நிஜக் குறியையே வைத்துவிடுகிறது.

கோபம் இல்லையே?

உன் பாரு

*

லடாக்
19 நவம்பர்

அன்புப் பாரு,

கோபமா? அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையைக் கொடுத்திருந்தால்தான் கோபம். அப்பா சாப்பிட்டால் போதும். சபரிக்கு நன்றி சொல். ஆனால் உன் குளோரின் என்னைத் தூங்க விடவில்லை. அந்தப் பொய்க் குறியைப் பிறகு யாரும் கண்டுபிடித்து எடுக்க மாட்டார்களா?

உன் முகுந்த்

*

தாபோடி
8 டிசம்பர்

முகுந்த்,

எடுக்க வேண்டியதே இல்லை. செல்கள் பிரியப் பிரிய, குளோரின் ஏதோ ஒரு செல்லோடு ஒதுங்கிவிடும். மற்றதிலெல்லாம் நிஜ மெத்தில்தான். பொய்யில் தொடங்கியது என்று எந்தச் சோதனையிலும் தெரியாது. வாயடைத்துப்போன மரபணு அப்படியே கிடக்கும்.

நேற்று அப்பா, "கட்கி பஜார்ல தொலஞ்சு போனியே, எங்கடா இருந்தே?" என்று கேட்டார். சபரி அசராமல், "வளையல்காரம்மா கடையிலப்பா. பதாசா மிட்டாய் குடுத்தாங்க" என்றார். அப்பா சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! இதையெல்லாம் எப்போது சபரிக்குச் சொன்னாய்? என்னிடம் சொன்னதே இல்லையே.

நீலச் சட்டை அவருக்குத்தான் எடுப்பாக இருக்கிறது.

பார்கவி

*

லடாக்
27 டிசம்பர்

பாரு,

சபரியிடம் நான் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. சின்ன வயதில் நடந்த அந்தப் பதாசா விஷயம் அப்பாவுக்கே தெரியாது. அந்த அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பயமாக இருக்கிறது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவனை வீட்டுக்குள் விடாதே. லீவு கிடைத்துவிட்டது, வருகிறேன். கதவைத் திறக்க நீ இருந்தால் போதும்.

உன் முகுந்த்

*

தாபோடி
21 ஜனவரி 2025

ஐயா,

புனே ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜிலிருந்து நீங்கள் எழுதியது கிடைத்தது. போன ஞாயிறு கம்பிக் கதவுக்கு வெளியே நின்று என் செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவரும் நீங்கள்தான் போலிருக்கிறது. உங்களைப் பார்த்து அப்பா நடுங்கிப்போனார்.

சபரி என்று யாரையும் எங்களுக்குத் தெரியாது. மாடி வீடு வெகுநாளாகப் பூட்டிக் கிடக்கிறது. என் கணவர் முகுந்த் தீபாவளிக்கே லடாக்கிலிருந்து திரும்பிவிட்டார். இப்போதும் அப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறார். உங்கள் கையெழுத்து அவருடையதைப் போலவே இருந்ததால் அவரிடமே காட்டினேன். படித்துவிட்டு, "பாவம், ஒரு பதில் போடு" என்றார்.

நீங்கள் கெட்டவராகத் தெரியவில்லை. முகம்கூட எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. உங்களையும் ஏதாவது ஒரு வீட்டில் தேடிக்கொண்டிருப்பார்கள். அங்கே போய்ச் சேருங்கள்.

இப்படிக்கு,
திருமதி பார்கவி முகுந்த்